தொப்பி ஊசியில் தொடங்கிய கதை: ஃபில்டரின் வரலாறும் இன்ஜின் மாற்றிய பழைய கார்களும்

1888ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊருக்கு ஒரு பெண்மணி தன் இரண்டு மகன்களுடன் மூன்று சக்கர வண்டி ஒன்றில் கிளம்பினார். பெயர் பெர்தா பென்ஸ். வண்டியைக் கண்டுபிடித்தவர் அவருடைய கணவர் கார்ல் பென்ஸ். அவரிடம் சொல்லாமலேயே கிளம்பிவிட்டார்! சுமார் 100 கிலோமீட்டர் தூரம். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று வரலாறு இதைத்தான் குறிப்பிடுகிறது.

அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ராயின் என்ற சுத்தம் செய்யும் திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்தா பதறவில்லை. தலையில் இருந்த தொப்பியின் ஊசியை உருவி, அடைப்பைக் குத்தி எடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

கார் காப்புரிமை பெற்று இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் முதல் நீண்ட பயணத்திலேயே வழிமறித்தது எரிபொருள் குழாயில் ஓர் அடைப்பு! அன்று தொடங்கிய இந்தப் பிரச்சினைக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொன்னது. அந்த விடைகளின் வரிசைதான் ஃபில்டரின் வரலாறு.

சரி, இந்த வரலாறு இப்போது யாருக்குத் தேவை?

பழைய அம்பாசடரையோ வேறொரு பழைய காரையோ வாங்கி, அதற்குள் புது இன்ஜின் வைத்து ஓட்டுபவர்களுக்குக் கண்டிப்பாகத் தேவை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் ஃபில்டர் கேட்டால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வண்டி?" என்பதுதான். இன்ஜின் மாற்றிய காருக்கு அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் தவறான ஃபில்டர்தான் கைக்கு வரும்! ஏனென்றால் அந்தக் காருக்கு இரண்டு பிறந்த வருடங்கள். உடம்புக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று. ஃபில்டர் எந்த வருடத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதை வரலாறுதான் சொல்லும்.

பம்ப்பே இல்லாத காலம்

முதல் தலைமுறைக் கார்களில் எரிபொருள் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. புவியீர்ப்பு விசையே பம்ப். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டி காரில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், டேங்க் தாழ்ந்து கார்புரேட்டர் உயர்ந்துவிடும். பெட்ரோல் போகாது. அதனால் ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்பக்கமாக மேடு ஏறுவார்கள்! இது ஜோக் அல்ல, அன்றைய நடைமுறை.

அன்றைக்கு ஃபில்டர் என்பது என்ன? டேங்குக்கு அடியில் ஒரு சிறு குமிழ். தண்ணீரும் மண்ணும் பெட்ரோலை விடக் கனமானவை என்பதால் அதில் தங்கிவிடும். அவ்வப்போது திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். பெட்ரோல் தகர டின்களில் விற்கப்பட்டதால், புனலில் மெல்லிய தோலை விரித்து அதன் வழியாக ஊற்றும் வழக்கமும் இருந்தது. நம் வீடுகளில் துணியைக் கட்டி வடிகட்டுவது போலத்தான்.

இந்தக் காலத்தில் அழுத்தம் என்பது கிட்டத்தட்ட பூஜ்யம். எனவே வடிகட்டி நெருக்கமாக இருந்தால் பெட்ரோல் இறங்கவே இறங்காது.

கண்ணாடிக் கிண்ணம்

1920களின் இறுதியில் காட்சி மாறியது. டேங்க் பாதுகாப்பாகப் பின்பக்கம் தாழ்வாகப் போனது. அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்ச இன்ஜினிலேயே பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் வந்தது. இதைப் பரவலாக்கியது ஜெனரல் மோட்டார்ஸின் ஏ.சி. பிரிவு. ஏ.சி. என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய பெயரின் முதல் எழுத்துகள். நம் ஊரில் பழைய மெக்கானிக்குகள் இன்றும் "ஏ.சி. பம்ப்" என்று சொல்வது இதைத்தான். ஏர் கண்டிஷனருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!

அந்தப் பம்ப்பின் தலையிலோ அடியிலோ ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி வலை. கிண்ணத்தின் வாயில் கார்க் வாஷர். கண்ணாடி என்பதால் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, துரு சேர்ந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கழற்றிக் கழுவி மீண்டும் மாட்டலாம். செலவு? கார்க் வாஷர் மட்டும்தான்.

இந்தப் பம்ப்பின் அழுத்தம் சுமார் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. மட்டுமே. சைக்கிள் டயருக்கு அடிக்கும் காற்றை விடப் பல மடங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது போதும். அதற்கு மேல் போனால் மிதவை ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்துவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழுவுவதிலிருந்து தூக்கி எறிவதற்கு

1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட், ஜார்ஜ் கிரீன்ஹால்ஜ் ஆகிய இருவர் கார்களுக்கான ஆயில் ஃபில்டருக்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தார்கள். அதன் பெயர் ப்யூரொலேட்டர். ஃபில்டர் என்பது தனி வியாபாரமாக மாறிய கதையில் இது முக்கியமான இடம். ஜெர்மனியில் 1941இல் மான் பிளஸ் ஹம்மல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மடித்த காகிதத்தை உறைக்குள் வைத்த ஃபில்டர்கள் எங்கும் பரவின.

ஏன் காகிதம்? கம்பி வலை பெரிய துகள்களைத்தான் பிடிக்கும். பிசின் ஏற்றிய காகிதம் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும். விசிறி போல் மடித்து வைத்தால், ஒரு சிறிய டப்பாவுக்குள் பெரிய பரப்பு அடங்கிவிடும். அதனால் ஓட்டமும் குறையாது.

ஆனால் காகிதத்தைக் கழுவ முடியாது! அடைத்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். வணிகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது பெரிய திருப்பம். கண்ணாடிக் கிண்ணத்தை விற்ற கம்பெனிக்கு ஒரு முறைதான் வருமானம். காகித ஃபில்டர் விற்ற கம்பெனிக்கு அந்தக் கார் ஓடும் வரை வருமானம். வாடிக்கையாளர் ஏமாந்தார் என்று சொல்லவும் முடியாது. அவருக்குச் சுத்தமான பெட்ரோல் கிடைத்தது.

கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. கண்ணாடிக் கிண்ணம் பம்ப்பின் ஓர் உறுப்பு. காகித ஃபில்டரோ குழாயை வெட்டி எங்கே வேண்டுமானாலும் நடுவில் சொருகக்கூடிய தனிப்பொருள். "எந்த ஃபில்டர்? எங்கே மாட்டுவது?" என்ற கேள்வியே இதற்குப் பிறகுதான் பிறந்தது.

டீசல் கேட்ட சுத்தம்

பெட்ரோல் இன்ஜின் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். டீசல் பொறுக்காது. பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் இன்ஜெக்ஷன் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் பெர்லின் கண்காட்சிக்கு வந்தது.

டீசல் பம்ப்பின் உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) அந்தப் பாகங்களுக்கு உயவுப் பொருளும் டீசலேதான். ஒரு துளி தண்ணீர் போனாலும் துருப்பிடிக்கும். அதனால்தான் லாரிகளில் அடுத்தடுத்து இரண்டு ஃபில்டர்கள் வைத்தார்கள். முதலாவது பெரிய அழுக்குக்கு, இரண்டாவது நுண்ணிய அழுக்குக்கு. அடியில் தண்ணீரை வடித்துவிட ஒரு திருகு. ஃபில்டர் மாற்றியதும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இன்ஜெக்ஷன் வந்தது, அழுத்தம் ஏறியது

1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தது. அதன் அழுத்தம் சுமார் 2 பார், அதாவது ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. 1973இல் வந்த கே-ஜெட்ரானிக்கில் அது சுமார் 5 பார். அதற்குப் பிறகு பரவலான இன்ஜெக்ஷன் கார்களில் பொதுவாக 35 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை.

முன்னே சொன்ன 3 முதல் 5 பி.எஸ்.ஐ.யோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மடங்குக்கு மேல்!

அதனால் ஃபில்டரின் உடம்பும் மாறியது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் போய், அழுத்தம் தாங்கும் இரும்பு அல்லது அலுமினிய உறை வந்தது. ரப்பர் குழாயைச் சொருகிக் கிளிப் போடும் மூக்குக்குப் பதிலாக மரை போட்ட இணைப்புகளும் பூட்டிக்கொள்ளும் இணைப்புகளும் வந்தன. இன்ஜெக்டரின் துளை மிகச் சிறியது என்பதால் காகிதமும் சுமார் 10 மைக்ரான் அளவுக்கு நெருக்கமானது. கார்புரேட்டருக்கு 40 மைக்ரான் அளவே போதும்.

ஒரே உடம்பில் நான்கு காலம்

இந்த வரலாறு முழுவதையும் ஒரே காரில் பார்க்க வேண்டுமானால் இந்தியாவின் அம்பாசடரைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரின் அச்சில், 1950களின் இறுதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலை நின்றது. வெளித்தோற்றம் பெரிதாக மாறவே இல்லை. உள்ளேயோ 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 1980இல் டீசல் இன்ஜின், 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பின்னாளில் எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் இன்ஜெக்ஷன் என்று மாறிக்கொண்டே இருந்தது.

இதுபோக உரிமையாளர்கள் செய்த மாற்றங்கள் தனி. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகமாக இருந்த காலத்தில் எத்தனையோ பெட்ரோல் அம்பாசடர்களும் பத்மினிகளும் டீசலுக்கு மாறின. இப்போது சிலர் எதிர்த்திசையில், நவீன இன்ஜெக்ஷன் இன்ஜின்களை உள்ளே வைக்கிறார்கள். (மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இல்லாமல் இன்ஜின் மாற்றினால் சிக்கல்தான்.)

ஆக, "அம்பாசடர் ஃபில்டர்" என்று ஒரு பொருள் கிடையாது. கார்புரேட்டர் அம்பாசடர், டீசல் அம்பாசடர், இன்ஜெக்ஷன் அம்பாசடர் என்று மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன.

இந்தச் சிக்கல் அமெரிக்கர்களுக்கும் உண்டு. அங்கே 1960களின், 70களின் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி8 இன்ஜினை வைப்பது பெரிய பொழுதுபோக்கு. அந்த வகையின் முதல் இன்ஜின் 1997 மாடல் செவ்ரலே கார்வெட்டில் வந்தது. இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு அழுத்தத்தைச் சீராக வைக்க ரெகுலேட்டர் வேண்டும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாயும் வேண்டும். பழைய காரில் இரண்டும் இல்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி, 1999 முதல் 2003 வரையிலான கார்வெட்டின் ஃபில்டர். அதற்குள்ளேயே 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் இருக்கிறது. மொத்தம் மூன்று குழாய்கள். டேங்கிலிருந்து வருவது ஒன்று, டேங்குக்குத் திரும்புவது ஒன்று, இன்ஜினுக்குப் போவது ஒன்று. 60களின் கார், ஆனால் ஃபில்டர் 1999இன் கார்வெட்டுடையது! இங்கே அவர்கள் காரின் பெயரைப் பார்க்கவில்லை, இன்ஜினின் தேவையைப் பார்த்தார்கள்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வரலாறு தந்த பாடங்களை வரிசையாகக் கேள்விகளாக மாற்றினால் போதும்.

1. அழுத்தம் எவ்வளவு? இதுதான் முதல் கேள்வி. கார்புரேட்டருக்கான பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜெக்ஷன் குழாயில் மாட்டினால், ஒன்று அது வெடிக்கும், இல்லை ஹோஸ் கழன்றுகொள்ளும். 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

2. பம்ப்புக்கு முன்னாலா, பின்னாலா? உறிஞ்சும் பக்கத்தில் நெருக்கமான ஃபில்டரை வைத்தால் பம்ப் திணறும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைந்தால், வெயில் காலத்தில் பெட்ரோல் அங்கேயே ஆவியாகி ஓட்டம் நின்றுவிடும். எனவே எலெக்ட்ரிக் பம்ப்புக்கு முன்னால் சுமார் 100 மைக்ரான் வலை, பம்ப்புக்குப் பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர் என்பதே பொதுவான முறை. லாரியின் இரட்டை ஃபில்டர் பாடம்தான் இது.

3. ஓட்டம் போதுமா? பெரிய இன்ஜின் அதிகப் பெட்ரோல் குடிக்கும். சின்ன இன்ஜினுக்கான ஃபில்டரில் வண்டி ஊருக்குள் நன்றாக ஓடும், நெடுஞ்சாலையில் மிதித்தால் மட்டும் இழுவை இருக்காது. கார்புரேட்டரில் குறை தேடி அலைவார்கள், குறை ஃபில்டரில் இருக்கும்.

4. குழாயும் இணைப்பும் பொருந்துகின்றனவா? 6 மில்லிமீட்டர் மூக்கில் 8 மில்லிமீட்டர் ஹோஸைச் சொருகிக் கிளிப்பை இறுக்குவது சரியான வழி அல்ல. ஹோஸிலும் ரகம் உண்டு. அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் 30ஆர்7 என்பது குறைந்த அழுத்தத்துக்கு, 30ஆர்9 என்பது இன்ஜெக்ஷனுக்கு. நல்ல ஃபில்டரை மாட்டி, மலிவான ஹோஸைப் போட்டால் பயனில்லை.

5. திரும்பும் குழாய் இருக்கிறதா? இல்லையென்றால் கார்வெட் ஃபில்டர் போன்ற ஏற்பாடு வேண்டும், அல்லது தனி ரெகுலேட்டர் வேண்டும்.

6. டீசலா? டீசல் என்றால் டீசலுக்கான ஃபில்டர் மட்டுமே. பெட்ரோல் ஃபில்டர் தண்ணீரைப் பிரிக்காது. மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு இன்ஜெக்ஷன் பம்ப் வாங்கிக்கொள்ளும்.

7. எங்கே மாட்டுவது? எக்ஸாஸ்ட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மேலே வேண்டவே வேண்டாம். கல் அடிக்காத, சூடு படாத, கை எட்டும் இடம் நல்லது. உறையின் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

டேங்க்குக்கும் ஒரு வயது உண்டு

இன்ஜினின் வருடத்தைப் பார்த்து ஃபில்டர் வாங்கியாயிற்று. ஆனால் உடம்பின் வருடத்தை முழுதாக மறந்துவிடவும் முடியாது. காரணம், டேங்க் பழையது. அதற்குள் பல வருடத் துருவும் பிசினும் படிந்திருக்கும். நேற்று வரை அது கார்புரேட்டருக்குப் பெரிய தொந்தரவு கொடுத்திருக்காது. 10 மைக்ரான் ஃபில்டரோ அத்தனையையும் பிடித்து, சில நாட்களிலேயே அடைத்துக்கொள்ளும். புது ஃபில்டர் சரியில்லை என்று பழி சொல்வார்கள். உண்மையில் அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இதில் இப்போது ஒரு புது விஷயமும் சேர்ந்திருக்கிறது, எத்தனால். இந்தியாவில் 2003இல் 9 மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025இல் நாட்டின் சராசரிக் கலப்பே 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனால் ஒரு கரைப்பான். டேங்க்கில் படிந்த பழைய பிசினைக் கிளப்பிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ரகத்து ரப்பர் ஹோஸையும், பம்ப்பின் டயஃப்ரத்தையும், கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க் வாஷரையும் கெடுக்கும். 1958இல் ஒரு காரை வடிவமைத்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, ரப்பர் பாகங்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, முதல் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றிவிடுவது ஆகிய மூன்றும் அவசியம். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியும் முன், உள்ளிருந்த பெட்ரோலை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க்கில் துரு. கருப்புத் துணுக்கு என்றால் ஹோஸ் உள்ளே கரைகிறது. அடியில் தனியாக உருளும் குமிழ்கள் என்றால் தண்ணீர். கண்ணாடிக் கிண்ணம் இருந்த காலத்தில் பானெட்டைத் திறந்ததுமே தெரிந்த செய்தி இது. இரும்பு உறைக்குள் மறைந்துவிட்டதால் இப்போது கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர் மறுபடியும் "என்ன வண்டி?" என்று கேட்பார். இன்ஜின் மாற்றிய காரின் உரிமையாளர் சொல்ல வேண்டிய பதில் காரின் பெயர் அல்ல. "இந்த இன்ஜின், இத்தனை பி.எஸ்.ஐ., பம்ப்புக்குப் பின்னால், 8 மில்லிமீட்டர் குழாய்" என்பதுதான் பதில். ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேறு யார் கடைக்குப் போனாலும் சரியான ஃபில்டர் வீடு வந்து சேரும்.